எல்லாவற்றுக்கும் 'பிகேம்' போடாமல் 'ஆச்சு'வை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி அறையில் வாரம் நான்கு நாள் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்: தையல் கடை வைத்திருக்கும் அக்கா, கேப் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காரும் பெண், கால் சென்டர் வேலைக்கு மூன்றாவது தடவை இன்டர்வியூ போகிற பையன். மற்ற இலக்கணத்தில் ஆளுக்கொரு இடத்தில் தடுக்குவார்கள், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்தே விழுகிறார்கள். ஏதோ ஒன்று ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியது என்று சொல்ல வேண்டுமானால் வாயில் 'பிகேம்' மட்டும்தான் வருகிறது. 'மில்க் பிகேம் பேட்', 'டைம் பிகேம் லேட்', 'மை கம்பெனி பிகேம் க்ளோஸ்'.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'ஆச்சு', கன்னடத்தில் 'ஆய்து', இந்தியில் 'ஹோ கயா' என்று இந்த ஊர்த் தமிழருக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் ஒரே வினைச்சொல்லில் வண்டி ஓடிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓடாது. அங்கே இந்த வேலையை ஏழெட்டுச் சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எதற்கு எது என்று பிடிபட்டால் போதும், அதற்குக் கீழே உள்ள வரிசையில் போங்கள். முதல் இரண்டு வருடம் நான் நேராகச் சொற்பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன், எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு மறுநாள் 'ஐ வென்ட் டயர்ட்' என்றார்கள். பட்டியல் கடைசியில்தான் வர வேண்டும்.

முன்னேற்பாடு: ஒரு நாள் 'ஆச்சு' கணக்கு

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இரவு வரை உங்கள் வாயிலிருந்து வரும் 'ஆச்சு', 'ஆயிடுச்சு', 'ஆயிட்டேன்', 'போச்சு' வாக்கியங்களில் ஒரு இருபதைத் தமிழிலேயே எழுதுங்கள். பக்கத்தில் ஆங்கிலம் இப்போது எழுத வேண்டாம். உங்கள் வீட்டுப் பால் திரிந்ததும் உங்கள் பைக் நின்றதும்தான் நாளைக்கும் உங்களுக்குத் தேவைப்படப் போகிறது, புத்தகத்தில் வரும் தவளை இளவரசனாக மாறிய கதை தேவைப்படாது.

1. மாற்றமே இல்லாத 'ஆச்சு'வை முதலில் அடித்துவிடுங்கள்

நோட்டில் உள்ள இருபதில் பாதிக்கு மாற்றத்தோடு சம்பந்தமே இருக்காது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் மீதி எல்லாம் குழம்பும்.

'என்ன ஆச்சு?' என்பது 'வாட் ஹேப்பன்ட்?'. 'சாப்பாடு ஆச்சா?' என்றால் 'ஹேவ் யூ ஈட்டன்?'. 'இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு' என்பது 'இட்ஸ் பீன் த்ரீ இயர்ஸ்'. கடையில் 'எவ்வளவு ஆச்சு?' என்பதற்கு 'ஹவ் மச் இஸ் இட்?' போதும். 'மீட்டிங் ஆச்சு' என்றால் முடிந்துவிட்டது, அதாவது 'த மீட்டிங் இஸ் ஓவர்'. இந்த இடத்தில் நம் ஊரில் 'காட் ஓவர்' என்போம். இந்தியாவுக்குள் யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள், வெளிநாட்டுக் க்ளையன்ட் சுருக்குவார். 'இஸ் ஓவர்' எல்லோருக்கும் புரியும், ஆகவே அதையே பழகுங்கள்.

2. நிலையா, மாற்றமா என்று பிரியுங்கள்

மிச்சமிருக்கும் வாக்கியங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் சொல்வது மாறிய அந்த நொடியையா, மாறிய பிறகு இருக்கிற நிலையையா? தமிழில் 'கல்யாணம் ஆயிடுச்சு' என்று இரண்டையும் சொல்லிவிடலாம். ஆங்கிலம் இதில் கறார்.

இன்டர்வியூவில் ஒருவர் 'ஐ ஆம் மேரிட் இன் 2015' என்றார். 2015 என்பது மாறிய தேதி, எனவே 'ஐ காட் மேரிட் இன் 2015'. தேதி இல்லாமல் இப்போதைய நிலை என்றால் 'ஐ ஆம் மேரிட்'. பத்து வருடமாக அந்த நிலை என்றால் 'ஐ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்'. 'ஐ காட் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்' என்றால், பத்து வருடத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி இருக்கும்.

நேரப்புள்ளி இருந்தால் மாற்றச்சொல், கால அளவு இருந்தால் நிலைச்சொல், பெரும்பாலும் 'பி' குடும்பம் (ஆம், இஸ், பீன்). இது ஒன்று பதிந்தால் இன்னும் இரண்டு தப்பு தானாகவே போகும். ராத்திரி பதினோரு மணிக்குத் தூங்கிப்போனேன் என்றால் 'ஐ ஃபெல் அஸ்லீப் அட் லெவன்', ஆறு மணி நேரம் தூங்கினேன் என்றால் 'ஐ ஸ்லெப்ட் ஃபார் சிக்ஸ் அவர்ஸ்'. நேற்றுதான் விஷயம் தெரிந்தது என்பதற்கு 'ஐ நியூ இட் எஸ்டர்டே' கிடையாது, 'ஐ ஃபவுண்ட் அவுட் எஸ்டர்டே'. தெரிந்திருப்பது நிலை, தெரிய வந்தது மாற்றம்.

3. அடுத்து வருவது பெயர்ச்சொல்லா என்று பாருங்கள்

மாற்றம்தான் என்று உறுதியானதும், ஆகி முடிந்தது ஒரு ஆளா, பொருளா, பதவியா என்று கேளுங்கள். அப்படியென்றால் 'பிகம்' போடலாம், இதுதான் அதன் சொந்த வீடு. 'ஷி பிகேம் எ நர்ஸ்', 'தே பிகேம் ஃப்ரெண்ட்ஸ்', 'பேங்களூர் பிகேம் பெங்களூரு இன் 2014'. அந்த வருடம் நவம்பர் 1 அன்று பெயர்ப்பலகைகள் மாறியபோது ஊர் 'டர்ன்ட் இன்டூ பெங்களூரு' என்று யாரும் சொல்லவில்லை. 'டர்ன் இன்டூ' என்றால் வேறொன்றாகவே உருமாறுவது. பெயர் மாறியதற்கு அது அதிகப்படி.

இங்கே 'கெட்' போட்டால் அர்த்தமே வேறு. 'ஷி காட் எ நர்ஸ்' என்றால் அவள் எங்கேயோ தேடி ஒரு நர்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 'எ' என்ற குட்டிச் சொல்லையும் விடாதீர்கள், 'ஷி பிகேம் நர்ஸ்' நொண்டும்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. எதிர்காலக் கனவைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் 'பிகம்' அவ்வளவாக வராது. 'ஐ வான்ட் டு பி எ நர்ஸ்' என்றே சொல்வார்கள். வயது ஆவதற்கு மட்டும் 'டர்ன்': 'மை டாட்டர் டர்ன்ட் ஃபைவ்'.

4. பண்புச்சொல் வந்தால் 'கெட்'

அன்றாடப் பேச்சில் பாதி வேலையைச் செய்வது இதுதான். 'இட்ஸ் கெட்டிங் டார்க்', 'ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி', 'த காபி இஸ் கெட்டிங் கோல்ட்', 'த டிராஃபிக் இஸ் கெட்டிங் வர்ஸ்'. இந்த இடங்களில் 'பிகம்' போட்டால் இலக்கணத்தில் தப்பில்லை, ஆனால் வீட்டுக்குள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு தோசை சுடுகிற மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டிலும் மெயிலிலும் 'பிகேம் கிளியர்', 'பிகேம் அவைலபிள்' என்று தாராளமாக எழுதுங்கள்.

இந்தப் படியில் விழுவது 'கெட்'டால் இல்லை, அதற்குப் பின்னால் வரும் சொல்லால். நாம் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் வாலில் 'ஆகு' ஒட்டிவிடுவோம்: டென்ஷன் ஆயிட்டேன், கன்ஃப்யூஸ் ஆயிட்டேன், பஸ் மிஸ் ஆயிடுச்சு, வேலை செட் ஆகல. அந்தச் சொல்லை அப்படியே திருப்பி ஆங்கிலத்தில் வைத்தால் நிற்காது. 'ஐ காட் டென்ஷன்' இல்லை, 'ஐ காட் டென்ஸ்' அல்லது 'ஐ காட் நெர்வஸ்'. 'ஐ காட் கன்ஃப்யூஸ்' இல்லை, கடைசியில் ஒரு 'ட்' வேண்டும், 'கன்ஃப்யூஸ்ட்'. பஸ் தானாக மிஸ் ஆகாது, 'ஐ மிஸ்ட் த பஸ்', பழி உங்கள் மேல்தான். செட் ஆகவில்லை என்றால் 'இட் டிட்ன்ட் ஒர்க் அவுட்'.

இதில் மிக ஆபத்தானது 'ரிப்பேர்'. என்னிடம் படித்த ஒரு பையன், ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி நின்றுபோய், மேனேஜருக்கு போன் போட்டு 'சார், மை பைக் காட் ரிப்பேர்ட்' என்றான். அவர் 'குட், கம் ஃபாஸ்ட்' என்று வைத்துவிட்டார். தமிழில் ரிப்பேர் ஆச்சு என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'காட் ரிப்பேர்ட்' என்றால் சரியாகிவிட்டது. வெயிலில் பைக்கைத் தள்ளிக்கொண்டு நின்றவனுக்கு மேனேஜர் ஏன் சந்தோஷப்பட்டார் என்று வகுப்புக்கு வந்த பிறகுதான் விளங்கியது. வண்டி நின்றால் 'மை பைக் ப்ரோக் டவுன்'.

அமெரிக்க க்ளையன்ட் 'காட்டன்' என்பார், துணி இல்லை, 'கெட்' என்பதன் மூன்றாவது வடிவம். நீங்கள் 'காட்' என்றே சொல்லலாம்.

5. தமிழில் 'போச்சு' என்றால் ஆங்கிலத்தில் 'கோ' போட்டுப் பாருங்கள்

இந்தப் படிக்கு வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் இது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். நல்லபடியாக மாறியதை 'ஆச்சு' என்போம், கெட்டுக் குட்டிச்சுவரானதைப் 'போச்சு' என்போம். ஆங்கிலமும் அதே புத்தியில்தான் 'கோ'வைப் பிடிக்கிறது.

கெட்டுப் போச்சு, 'வென்ட் பேட்'. கால் மரத்துப் போச்சு, 'மை லெக் வென்ட் நம்ப்'. முகம் வெளுத்துப் போச்சு, 'ஹிஸ் ஃபேஸ் வென்ட் பேல்'. பர்ஸ் காணாமல் போச்சு, 'மை பர்ஸ் வென்ட் மிஸ்ஸிங்'. சோடாவில் கேஸ் போச்சு, 'த சோடா ஹேஸ் கான் ஃப்ளாட்'. பிஸ்கட் நமுத்துப் போச்சு, 'த பிஸ்கட்ஸ் ஹேவ் கான் சாஃப்ட்'. இன்டர்வியூவில் எல்லாம் மறந்து போச்சு, 'மை மைண்ட் வென்ட் ப்ளாங்க்'. வழுக்கை, குருடு, செவிடு, பைத்தியம், திவால் எல்லாமே 'கோ'வின் பக்கம்தான்: 'கோ பால்ட்', 'கோ பேங்க்ரப்ட்'. தலை நரைத்தால் 'ஹிஸ் ஹேர் ஹேஸ் கான் கிரே', பெரும்பாலும் சாம்பல் நிறம்தான் சொல்வார்கள், வெள்ளை இல்லை.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் டிசம்பர் குளிரில் ராத்திரி கரைத்த மாவு காலையிலும் அப்படியே கிடக்கும், அதற்கு 'இட் ஹேஸ்ன்ட் ஃபர்மென்டட்'. புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளினால் நல்ல செய்தி, 'த பேட்டர் ஹேஸ் ரைசன்'. மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்து வாயில் வைக்க முடியாமல் புளித்துப் போனால்தான் 'இட்ஸ் கான் டூ சவர்'. ஒரே மாவு, ஒரே புளிப்பு, வேண்டிய மாற்றமா வேண்டாத மாற்றமா என்பதில்தான் சொல் பிரிகிறது.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சோர்ந்து போனேன், வயசாகிப் போச்சு, உடம்பு முடியாமல் போச்சு ஆகிய மூன்றுக்கும் 'கோ' வராது. 'காட் டயர்ட்', 'காட் ஓல்ட்', 'ஃபெல் இல்' அல்லது 'காட் சிக்'. ஏன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை, வழக்கம் அப்படி. இன்னொரு பக்கம் 'கோ வைரல்', 'கோ லைவ்' (புது மென்பொருள் பயன்பாட்டுக்கு வருவது) இரண்டிலும் கெடுதல் எதுவும் இல்லை. இங்கே ஐடி கம்பெனியில் வேலை செய்பவருக்கு 'கோ லைவ்' நல்லதா கெட்டதா என்பது அன்றைய சனிக்கிழமையைப் பொறுத்தது.

6. டர்ன், ஃபால், கம், குரோ

இவை நாலையும் நீட்ட வேண்டாம், ஜோடியாகப் பழகினால் போதும்.

நிறம் மாறவும் வானிலை திரும்பவும் 'டர்ன்': 'த லீவ்ஸ் டர்ன்ட் எல்லோ', 'இட் டர்ன்ட் கோல்ட்'. நம் கையில் இல்லாமல் சட்டென்று நடப்பதற்கு 'ஃபால்': 'ஃபெல் அஸ்லீப்', 'ஃபெல் சைலன்ட்'. நோய்வாய்ப்பட்டான் என்பதில் உள்ள 'படு' ஞாபகம் இருந்தால் 'ஃபெல் இல்' மறக்காது. கட்டியது அவிழவும் கனவு பலிக்கவும் 'கம்': 'த ஸ்க்ரூ கேம் லூஸ்', 'இட் கேம் ட்ரூ'. மெதுவாக, வருடக்கணக்கில் நடப்பதற்கு 'குரோ', இது கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு நிரந்தரத் தப்பு, 'ஐ பிகேம் டு லைக் பெங்களூரு'. 'பிகம்' என்பதற்குப் பின்னால் 'டு' வரவே வராது. போகப் போகப் பிடித்துவிட்டது என்றால் 'ஐ கேம் டு லைக் இட்', பழகிவிட்டது என்றால் 'ஐ காட் யூஸ்ட் டு இட்'.

7. துணைச்சொல்லே வேண்டாத வினைகள்

தமிழில் காய்ந்தது, உருகியது, பழுத்தது என்றால் அதற்குள்ளேயே மாற்றம் இருக்கிறது, கூட 'ஆச்சு' எதற்கு? ஆங்கிலத்திலும் 'ட்ரைட்', 'மெல்ட்டட்', 'ரைபன்ட்' தனியாகவே நிற்கும். இருந்தும் 'பிகேம் மெல்ட்' என்கிறார்கள்.

முன்னால் சொன்ன தையல் கடை அக்காவின் கதை இதுதான். ஒரு வாடிக்கையாளர் முதல் தடவை துவைத்ததும் பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா 'மேடம், பிளவுஸ் பிகேம் ஸ்மால்' என்றார். அந்தம்மா 'ஆமாம், நீங்கதான் சின்னதா தெச்சிருக்கீங்க' என்று பிடித்துக்கொண்டார், கூலியில் இருநூறு குறைந்தது. அக்கா சொல்ல நினைத்தது 'இட் ஷ்ரேங்க் இன் த வாஷ்'. துணி சுருங்கியது என்று சொல்லும் வினை இருந்திருந்தால் தப்பு தண்ணீரில் என்று ஆகியிருக்கும், அளவில் என்று ஆகியிருக்காது. பால் திரிந்தால் 'கர்டில்ட்', தயிர் உறைந்தால் 'செட்', பால் பொங்கி வழிந்தால் 'பாய்ல்ட் ஓவர்', கம்பெனியை மூடிவிட்டால் 'ஷட் டவுன்'. உங்கள் தொழிலில் தினமும் நடக்கும் மாற்றங்களுக்கு இப்படி ஒரு பத்து வினை தனியாக எழுதிவையுங்கள்.

பண்புச்சொல்லின் வாலில் 'அன்' சேர்த்தும் வினை செய்யலாம்: 'வைடன்', 'ஷார்ட்டன்', 'டார்க்கன்', 'டீப்பன்', 'லூசன்'. எல்லாவற்றிலும் ஒட்டாது, அதற்கு ஒரு காது வைத்தியம் இருக்கிறது. சொல் க், ட், ப், ஃப், ஸ் மாதிரி தடைபட்ட ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் ஒட்டும். ன், ம், ர், ல் அல்லது உயிரோசையில் முடிந்தால் ஒட்டாது. அங்கே பல சொற்கள் அப்படியே வினையாகிவிடும்: 'தின்', 'டிம்', 'கிளியர்', 'கூல்', 'ஸ்லோ டவுன்'. 'ஹாட்' மாதிரி சில சொற்கள் டகரத்தில் முடிந்தும் ஏமாற்றும், 'ஹாட்'டுக்கு 'ஹீட் அப்'.

8. 'ஆனது' முடிந்த பிறகு 'ஆக்கியது'

இதை முன்னாலேயே சொன்னால் இரண்டும் கலந்துவிடும், அதனால்தான் இங்கே வைத்தேன். யாரோ ஒருவர் மாற்றியிருந்தால் பண்புச்சொல்லுக்கு 'மேக்': 'ஹி மேட் மீ ஆங்ரி'. 'ஹி பிகேம் மீ ஆங்ரி' என்று என் வகுப்பில் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் தயார் செய்ய 'கெட் த கிட்ஸ் ரெடி'. பைத்தியமாக அடிக்க 'டிரைவ்': 'திஸ் டிராஃபிக் இஸ் டிரைவிங் மீ மேட்'.

பொருளை வேறு பொருளாக்கினால் 'டர்ன் இன்டூ'. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. 'த லேக் பிகேம் எ பஸ் ஸ்டாண்ட்' என்றால் ஏதோ தானாக நடந்த மாதிரி. 'தே டர்ன்ட் த லேக் இன்டூ எ பஸ் ஸ்டாண்ட்' என்றால் செய்த ஆள் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். எதை மறைக்கிறோம், எதைச் சொல்கிறோம் என்பது இந்த ஒரு தேர்வில் இருக்கிறது, செய்தி படிக்கும்போது கவனித்துப் பாருங்கள்.

9. கடைசியில் காலம்

சரியான சொல் கிடைத்த பிறகுதான் காலத்தைத் தொடுங்கள், இரண்டையும் ஒன்றாக யோசித்தால் வாய் நின்றுவிடும். 'ஆயிடுச்சு', அதன் விளைவு இப்போதும் இருக்கிறது என்றால் 'ஹேஸ்': 'த மில்க் ஹேஸ் கான் பேட்', அதாவது இப்போது காபி கிடையாது. நேற்று, காலையில், 2017-இல் என்று நேரம் சொன்னால் 'ஹேஸ்' போய்விடும். பெல்லந்தூர் ஏரி 2017-இல் தீப்பிடித்ததைச் சொன்னால் 'ஹேஸ்' வராது, 'கெட்' வினையும் வராது. 'கேட்ச்' வினையின் இறந்த காலமான 'caught' போடுங்கள், தமிழில் எழுதினால் 'கெட்'டின் 'காட்' (got) மாதிரியே தெரியும், ஆனால் வேறு சொல்: 'த லேக் காட் (caught) ஃபயர் இன் 2017'. ஆகிக்கொண்டே வருகிறது என்றால் 'இஸ் கெட்டிங்'.

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. 'ஹிஸ் பிரஷர் இஸ் ஃபாலிங்' என்றால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, டாக்டர் ஓடி வர வேண்டும். 'ஹேஸ் ஃபாலன்' என்றால் இறங்கிவிட்டது, இப்போதும் கீழேதான். 'ஃபெல் லாஸ்ட் நைட்' என்றால் ராத்திரி இறங்கியது, இப்போது எப்படி என்று அவர் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். அவள் இதை மூன்று துண்டுச் சீட்டில் தமிழ் எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

இப்போது நோட்டை எடுத்து, அடித்தது போக மிச்சமிருக்கும் வாக்கியங்களுக்கு ஆங்கிலம் எழுதுங்கள். 'லேட் ஆயிடுச்சு' உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்கும், அதற்கு மட்டும் இரண்டு விடை எழுதுங்கள்: விருந்துக்குப் போன வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்குச் சொன்னது என்றால் 'இட்ஸ் கெட்டிங் லேட்', காலையில் ஆபீஸ் வாசலில் சொன்னது என்றால் 'சாரி, ஐ ஆம் லேட்'.